பகலில் எழுதாத பக்கங்கள்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அதனால் எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் அட்டையைத் தள்ளிவிட்டு முதலில் தலைப்புப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். யார் எழுதினார், யார் பதிப்பித்தார், யார் காசில் அச்சானது என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும்.

1861 ஜனவரியில் பாஸ்டன் நகரில் வெளிவந்த ஒரு புத்தகத்தின் தலைப்புப் பக்கம் ரொம்ப நாளாக என் மனதில் நிற்கிறது. மேலே தலைப்பு: ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கைச் சம்பவங்கள்’. அதன் கீழே, ‘அவளே எழுதியது’. இன்னும் கீழே, ‘பதிப்பித்தவர் எல். மரியா சைல்டு’. அப்புறம் அடியில், ‘ஆசிரியருக்காக வெளியிடப்பட்டது’. அந்த ஆசிரியரின் பெயர் மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது.

நூறு வருஷத்துக்கும் மேலாக, படித்தவர்களில் பெரும்பாலோர் ‘அவளே எழுதியது’ என்ற வரியை நம்பவில்லை. அதற்குக் கீழே இருந்த வரியைத்தான் நம்பினார்கள். லிடியா மரியா சைல்டு அன்றைக்குப் பேர்பெற்ற வெள்ளை எழுத்தாளர், அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவர். இதையும் அவர்தான் எழுதியிருப்பார், இது ஒரு நாவல், உள்ளே ‘லிண்டா பிரென்ட்’ என்று வருகிற பெண் ஒரு கற்பனைப் பாத்திரம் என்று வரலாற்றாசிரியர்களே ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அந்த வரியை மறுபடி நிஜமாக்குவதற்குத் தன் உழைப்பில் முப்பது வருஷத்தைக் கொடுத்தவர் ஜீன் ஃபேகன் யெல்லின். நியூயார்க்கில் பேஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1930-ல் பிறந்து 2023-ல், 92 வயதில் இறந்தார். அவர் செய்த வேலையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் அவர் யாருக்காக உழைத்தாரோ, அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லாமல் முடியாது.

ஹேரியட் ஜேக்கப்ஸ் 1813-ல் வட கரோலினா மாநிலத்தில் எடென்டன் என்ற சிறு துறைமுக ஊரில் அடிமையாகப் பிறந்தாள். அம்மா இறந்தபோது ஆறு வயது. எஜமானி மார்கரெட் ஹார்னிப்ளோ அவளுக்குத் தைக்கவும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். 1825-ல் அந்த எஜமானி இறந்தார். உயில்படி ஹேரியட் போய்ச் சேர்ந்தது எஜமானியின் சகோதரி மகளுக்கு. அந்தப் புது எஜமானிக்கு வயது மூன்று. குழந்தைக்கு எஜமானி என்று பேர் இருந்தாலும், அதிகாரம் முழுக்க அதன் அப்பா டாக்டர் ஜேம்ஸ் நார்கம் கையில். ஹேரியட்டுக்குப் பதினைந்து வயது ஆவதற்குள் அந்த மனிதர் காதருகே வந்து ஆபாசமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு மேல் அவள் என்ன செய்தாள் என்பதை அவளுடைய சொல்லிலேயே படிக்க வேண்டும். அந்த டாக்டரிடமிருந்து தப்பிக்க, ஊரில் இருந்த இன்னொரு வெள்ளைக்காரர், சாமுவேல் ட்ரெட்வெல் சாயர் என்ற வழக்கறிஞரோடு பழகினாள். இரண்டு குழந்தைகள் பிறந்தன, ஜோசஃப், லூயிசா. இதை எழுதும்போது அவள் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவும் இல்லை, ஒரேயடியாகக் குனிந்துவிடவும் இல்லை. அடிமைப் பெண்ணை மற்றப் பெண்களை அளக்கிற அதே கோலால் அளக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மேலே போகிறாள். 1861-ல் ஒரு பெண் இதை அச்சில் சொன்னாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1835-ல் அவள் தலைமறைவானாள். கொஞ்ச நாள் இங்கும் அங்கும் ஒளிந்திருந்துவிட்டு, கடைசியில் பாட்டி வீட்டுக்கே வந்துசேர்ந்தாள். பாட்டி மாலி ஹார்னிப்ளோ விடுதலை பெற்றவர், ரொட்டியும் பிஸ்கட்டும் சுட்டு விற்றுப் பிழைத்தவர். வீட்டை ஒட்டிய சரக்கறைக்கு மேலே, கூரைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பரண் மாதிரி இடுக்கு இருந்தது. ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம். உயரம் மிக அதிகமான இடத்தில் மூன்று அடி, அங்கிருந்து சரிந்துகொண்டே போகும். எலிகளும் சுண்டெலிகளும் ஓடுகிற இடம். தச்சு வேலை தெரிந்த மாமா வெளியே தெரியாதபடி ஒரு திறப்பை அமைத்துக்கொடுத்தார். அந்த இருட்டுக்குள் ஹேரியட் கிட்டத்தட்ட ஏழு வருஷம் இருந்தாள்.

சுவரில் குத்தியபடி கிடந்த ஒரு பொருளில் ஒருநாள் அவள் தலை மோதியது. தடவிப் பார்த்தால், தச்சர்கள் திருகித் துளை போடும் சின்ன ஊசிக் கருவி, எப்போதோ மறந்துவிட்டுப் போனது. அதை வைத்து மூன்று வரிசையில் துளைகள் போட்டு, நடுவில் இருந்ததை நோண்டி எடுத்து, ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் ஒரு ஓட்டை உண்டாக்கினாள். வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான். குழந்தைகள் தெருவில் போவதையும் வருவதையும் அது வழியாகவே பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் தைத்தாள், படித்தாள். நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோல டாக்டருக்குக் கடிதங்கள் எழுதி, அவற்றை வடக்கே கொண்டுபோய்த் தபாலில் போடச் செய்தாள். தெருப் பேர் தப்பாகிவிடக் கூடாதே என்று நியூயார்க் செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு அம்மா தலைக்கு மேலே இருப்பது தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில்தான் மகன் சொல்கிறான், மேலே யாரோ இருமுவதை ஒருநாள் கேட்டேன், அது நீதான் என்று தோன்றியது என்று. அதன் பிறகு மற்றப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாமல் வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

1842-ல் படகேறி வடக்கே போனாள். நியூயார்க்கில் நத்தானியேல் பார்க்கர் வில்லிஸ் என்ற பிரபல எழுத்தாளரின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. 1852-ல் வில்லிஸின் இரண்டாவது மனைவி கார்னீலியா 300 டாலர் கொடுத்து அவளுடைய விடுதலையை வாங்கினார். விற்பனைச் சீட்டைப் பற்றி அவள் எழுதிய வரி ஒன்று உண்டு. அந்தத் துண்டுத் தாளின் மதிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், சுதந்திரத்தை அவ்வளவு நேசித்தும் அதைக் கண்ணால் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்கிறாள். தாள் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி எந்த வரலாற்றாசிரியருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். உயில், விளம்பரம், கடிதம், விற்பனைச் சீட்டு என்று அவள் தலையெழுத்து ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தாளில் எழுதப்பட்டது.

இந்த வாழ்க்கையைத்தான் கற்பனை என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

ஜான் பிளாசிங்கேம் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1972-ல் அடிமைச் சமூகத்தைப் பற்றி ஒரு முக்கியமான நூல் எழுதினார். அடிமைகளின் சொந்த வாய்மொழியை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடியவர் அவர். அடிமைத்தளையிலிருந்து தப்பி எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸின் எழுத்துகளைப் பதிப்பிக்கும் பெரிய திட்டத்தையும் பின்னால் நடத்தினார். அப்படிப்பட்டவரே இந்தப் புத்தகம் நம்பத்தக்கதல்ல என்றார். கதை அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிறது, உணர்ச்சி மிகையாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பாத்திரங்களின் பெயரெல்லாம் புனைபெயர். நடை அந்தக் காலத்துப் பெண்கள் படித்த நாவல் நடை. அதோடு, ஓர் அடிமைப் பெண் இப்படி எழுதியிருக்க முடியுமா என்ற, யாரும் வெளியே சொல்லாத கேள்வியும் இருந்திருக்கும். மரியன் ஸ்டார்லிங் என்ற கறுப்பின ஆய்வாளர் 1940-களிலேயே இது உண்மைக் கதைதான் என்று வாதிட்டிருந்தார். அவர் குரல் எடுபடவில்லை. இந்தக் கதையில் எனக்குக் கோபம் வருகிற இடங்களில் இதுவும் ஒன்று.

யெல்லினும் முதலில் நம்பாதவர்களின் கூட்டத்தில்தான் இருந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் ஆய்வு 1972-ல் நூலாக வந்தது. அமெரிக்க இலக்கியத்தில் 1776 முதல் 1863 வரை கறுப்பர்கள் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்பது அதன் பொருள். அந்த ஆய்வுக்காகப் படித்தபோது, இது சைல்டு எழுதிய கதை என்ற பொதுக்கருத்தை அவரும் ஏற்றுக்கொண்டார். சில வருஷம் கழித்து, அடிமைமுறையை எதிர்த்த பெண்களைப் பற்றி இன்னொரு ஆய்வுக்காகப் படிக்கும்போது இந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை அது வேறு மாதிரி ஒலித்தது. நாம் முன்பு எழுதியது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்ததும் அதை மூடி மறைக்காமல் பின்தொடர்ந்து போனாரே, அதுதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது.

அவருடைய வீட்டு வாழ்க்கையையும் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கணவர் எட் யெல்லின் இளவயதில் இந்தியானாவில் கேரி நகரத்து எஃகு ஆலையில் வேலை பார்த்தவர், பிறகு பொறியியல் படித்தார். 1958-ல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கம்யூனிச விசாரணைக் குழு அவரை அழைத்துக் கேள்வி கேட்டது. பதில் சொல்ல மறுத்தார். அவமதிப்புக் குற்றம் சாட்டிச் சிறைத்தண்டனை விதித்தார்கள். 1963-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அந்த நாட்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 2022-ல் வந்தது. யார் பேச வேண்டும், யார் முன்னால் பேச வேண்டும், யார் பேச்சு நம்பப்படும் என்ற கேள்விகள் அந்த வீட்டுக்குள் வருஷக்கணக்காக இருந்தவை. நூலகத்துக்குப் போய்த்தான் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை யெல்லினுக்கு இல்லை.

சரி, ராசெஸ்டருக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் அந்த நகரத்தில்தான் ஹேரியட் 1849-ல் தன் தம்பி ஜான் எஸ். ஜேக்கப்ஸோடு சேர்ந்து அடிமைமுறை எதிர்ப்பு நூல்களுக்கான படிப்பறை ஒன்றை நடத்தினாள். டக்ளஸின் பத்திரிகை அலுவலகம் இருந்த அதே கட்டடம். அங்கே ஏமி போஸ்ட் என்ற, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி நெருங்கிய தோழியானார். உன் கதையை எழுது என்று தூண்டியவர் அவர்தான். ஏமி போஸ்ட் குடும்பத்தின் காகிதங்கள் பின்னால் ராசெஸ்டர் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்துசேர்ந்தன. அவற்றுக்குள் ஹேரியட் தன் கைப்பட எழுதிய கடிதங்கள் இருந்தன.

அந்தக் கடிதங்களில் எழுத்துப்பிழை உண்டு, நிறுத்தக்குறிகள் நினைத்த இடத்தில் வரும், சில இடத்தில் வரவே வராது. வாக்கியம் மூச்சு விடாமல் ஓடும். ஆனால் குரல் அதே குரல். புத்தகத்தில் வருகிற அதே கூர்மை, அதே தயக்கம், அதே ரோஷம். ஒரு கடிதத்தில், இதுவரை ஒரு பக்கம்கூடப் பகலில் எழுதியதில்லை என்கிறாள். வில்லிஸ் வீட்டில் பகல் முழுக்கக் குழந்தைகள், தையல், வந்துபோகும் விருந்தாளிகள். அந்த வீட்டுக்காரருக்கு எழுத்துதான் தொழில். அதே கூரையின் கீழ் இவள் எல்லோரும் தூங்கியபின் விளக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறாள், எழுதுவதை அவர்களிடம் சொல்லவும் இல்லை. 1854-ல் எழுதிய இன்னொரு கடிதத்தில், பாவப்பட்ட என் புத்தகம் இப்போது கூட்டுப்புழு நிலையில் இருக்கிறது, அதை வண்ணத்துப்பூச்சியாக்க என்னால் ஆகாது, எளிய பூச்சிகளோடு அது ஊர்ந்து போனாலே எனக்குப் போதும் என்கிறாள்.

ஹேரியட் பீச்சர் ஸ்டோவோடு நடந்ததும் இந்தக் கடிதங்களால்தான் நமக்குத் தெரியும். அடிமைமுறையை எதிர்த்து ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்ற நாவலை எழுதி உலகப் புகழோடு இருந்த ஸ்டோவிடம், ஏமி போஸ்ட் மூலமாக உதவி கேட்டாள். ஸ்டோவோ அந்தக் கடிதத்தை அப்படியே கார்னீலியா வில்லிஸுக்கு அனுப்பி, இதெல்லாம் உண்மைதானா என்று விசாரித்தார். தன் எஜமானரம்மாவிடம்கூடச் சொல்லாத அந்தரங்கம், குழந்தைகள் யாருக்குப் பிறந்தவை என்பது உட்பட, கேட்காமலேயே வெளியே போனது. உண்மையென்றால் அதைத் தன்னுடைய அடுத்த நூலில் சேர்த்துக்கொள்கிறேன் என்றும் ஸ்டோவ் சொன்னார். ஹேரியட் மறுத்துவிட்டாள், தானே எழுதுவது என்று முடிவெடுத்தாள். அவளுடைய சொல்லுக்கு வேறொருவரிடம் அத்தாட்சி கேட்கும் வழக்கம் அவள் உயிரோடு இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது.

கடிதங்கள் கிடைத்ததும் யெல்லின் நிறுத்திக்கொள்ளவில்லை. கையெழுத்து ஒத்துப்போகிறது, குரல் ஒத்துப்போகிறது என்பதோடு விட்டிருந்தால் எழுதியவர் யார் என்பது மட்டும்தான் நிரூபணமாகியிருக்கும். எழுதியது நடந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆகவே வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். நார்கம் குடும்பத்துக் காகிதங்கள், உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், பழைய நாளிதழ்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, புத்தகத்தின் புனைபெயர்களுக்குப் பின்னால் இருந்த ஆட்களை அடையாளம் கண்டார். டாக்டர் ஃபிளின்ட் என்பவர் ஜேம்ஸ் நார்கம். மிஸ்டர் சாண்ட்ஸ், சாமுவேல் சாயர். அவர் அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினரானதாகப் புத்தகத்தில் வருகிறது, நிஜத்திலும் ஆகியிருந்தார். மிஸஸ் புரூஸ், கார்னீலியா வில்லிஸ்.

கிடைத்தவற்றில் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது ஒரு விளம்பரம். வர்ஜீனியாவில் நார்ஃபோக் நகரிலிருந்து வந்த ‘அமெரிக்கன் பீக்கன்’ என்ற நாளிதழில் 1835 ஜூலை 4 அன்று வந்திருக்கிறது. 100 டாலர் பரிசு என்று தலைப்பு. ஓடிப்போன பணிப்பெண் ஹேரியட், வயது 21, உயரம் 5 அடி 4 அங்குலம், பருத்த உடல்வாகு. தலையில் அடர்த்தியான கறுப்பு முடி, இயல்பாகச் சுருண்டிருக்கும், ஆனால் சீவினால் எளிதில் நேராகும். தடையில்லாமல் சரளமாகப் பேசுவாள், நடையும் பழக்கமும் இனிமையாக இருக்கும். நல்ல தையற்காரி என்பதால் நன்றாக உடுத்திப் பழக்கப்பட்டவள். என் மகனுடைய பண்ணையிலிருந்து, தெரிந்த எந்தக் காரணமும் தூண்டுதலும் இல்லாமல் ஓடிவிட்டாள், வடக்கே போகத் திட்டமிட்டிருக்கக் கூடும். கீழே ஜேம்ஸ் நார்கம் என்ற பெயர்.

இதே விளம்பரத்தை ஹேரியட் தன் புத்தகத்திலும் எழுதியிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அது கைப்பழக்கம். வயது 21, இரண்டிலும் ஒன்று. 5 அடி 4 அங்குலம், ஒன்று. சுருண்ட முடி, நேராக்கலாம் என்பது, ஒன்று. தொகை மட்டும் மாறுகிறது. அவள் புத்தகத்தில் 300 டாலர். முன்பல் ஒன்றில் சொத்தை என்று அவள் சேர்க்கிறாள், நார்கம் விளம்பரத்தில் பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்புறம் இன்னொன்று. அவள் எழுதிய விளம்பரத்தில் ‘எழுதப் படிக்கத் தெரிந்தவள்’ என்று இருக்கிறது. நார்கமின் விளம்பரத்தில் அது கிடையாது. நன்றாகத் தைப்பாள், நன்றாகப் பேசுவாள் என்று அவளை அங்குலம் அங்குலமாக வர்ணித்த மனிதர், எழுதப் படிக்கத் தெரியும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அவளுக்கு அனுப்பிய கடிதச் சீட்டுகளை அவள் படிப்பாள் என்று அவருக்குத் தெரியும். அவள் அதை எடுத்து வைத்துத் திருத்தியிருக்கிறாள்.

தொகை ஏன் 300 ஆனது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம்தான் உண்டு. கடைசியில் அவளுக்காகக் கொடுக்கப்பட்ட விலை அதே 300. அந்த எண் மனதில் தங்கிவிட்டிருக்கலாம்.

‘தெரிந்த எந்தக் காரணமும் இல்லாமல்’ என்று நார்கம் காசு கொடுத்து அச்சிட்டார். முந்நூறு பக்கப் புத்தகம் முழுவதும் அந்த ஒரு வரிக்குத்தான் பதில். அவளைப் பிடிக்கப் போட்ட அதே விளம்பரம் 150 வருஷம் கழித்து அவள் சொன்னதெல்லாம் உண்மை என்று சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. அடிமைகளைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் அவர்களை வைத்திருந்தவர்களின் மேசையில்தான் கிடைக்கின்றன. யெல்லினின் திறமை, அந்த மேசையில் இருந்த தாள்களை அவளுடைய வாக்கியங்களுக்குக் கீழே அடிக்குறிப்பாகக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

1981-ல் ‘அமெரிக்கன் லிட்டரேச்சர்’ ஆய்விதழில் அவருடைய கட்டுரை வந்தது. தலைப்பிலேயே ‘அவளே எழுதியது’ என்ற அந்தப் பழைய வரி. 1987-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவர் பதிப்பித்த நூலை வெளியிட்டது. 126 வருஷத்துக்குப் பிறகு தலைப்புப் பக்கத்தில் ஹேரியட் ஏ. ஜேக்கப்ஸ் என்ற பெயர் ஏறியது.

பதிப்பித்தவர் என்று முதல் பதிப்பில் போட்டிருந்த சைல்டு உண்மையில் என்ன செய்தார் என்பதும் தெளிவானது. தொழில் காரணமாக எனக்கு இந்தப் பகுதிதான் உயிர். ஹேரியட் அவரைத் தேடிப் போனது விருப்பப்பட்டு அல்ல. சைல்டு முன்னுரை தந்தால்தான் வெளியிடுவோம் என்று பாஸ்டன் பதிப்பாளர் சொல்லிவிட்டார். ஸ்டோவிடம் பட்ட சூடு ஆறவில்லை, இன்னொரு பெரிய நட்சத்திரத்தை அணுக நடுங்கினேன் என்று ஏமிக்கு எழுதுகிறாள். போய்ப் பார்த்ததும் சைல்டு அன்பாக நடந்துகொண்டார். அப்புறம் அந்தப் பதிப்பகமும் நொடித்துப்போக, அச்சுத் தகடுகளை ஹேரியட்டே விலைக்கு வாங்கி அச்சிட்டாள். ‘ஆசிரியருக்காக வெளியிடப்பட்டது’ என்பதன் பொருள் அது.

கையெழுத்துப் பிரதியில் என்ன செய்தேன் என்று சைல்டு தோழி ஒருவருக்கு எழுதியிருக்கிறார். சுருக்கினேன், தேவையில்லாத சொற்களை அடித்தேன், ஆனால் மொத்தப் புத்தகத்திலும் ஐம்பது சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டேன் என்கிறார். கொடுமைகளை விவரிக்கும் பகுதிகளை ஒரே அத்தியாயத்தில் சேர்த்தார். நாட் டர்னர் என்ற அடிமை தலைமை தாங்கிய கிளர்ச்சிக்குப் பிறகு கறுப்பர்கள் மேல் நடந்த வெறியாட்டத்தைப் பற்றி இன்னும் எழுதித் தரச் சொன்னார். அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனைப் பற்றிய கடைசி அத்தியாயம் கதையோடு ஒட்டவில்லை, அதை எடுத்துவிட்டுப் பாட்டியின் மரணத்தோடு முடிக்கலாம் என்றார். புத்தகம் இப்போது பாட்டியின் நினைவோடுதான் முடிகிறது.

நல்ல பதிப்பாசிரியர் சொல்லக்கூடிய யோசனைகள்தான் இவை. நானும் இப்படிச் சொல்லியிருப்பேன். ஆனால் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கில் தொங்கிய ஜான் பிரவுனைப் பற்றி, அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே, ஏழு வருஷம் பரணில் கிடந்த ஒரு பெண் என்ன எழுதியிருப்பாள்? அந்த அத்தியாயம் போய்விட்டது, கையெழுத்துப் பிரதியும் நமக்குக் கிடைக்கவில்லை. பிரதியில் ஒரு பத்தியை அடிக்கப் பேனாவை எடுக்கும்போது இப்போதெல்லாம் இந்த ஜான் பிரவுன் அத்தியாயம் ஞாபகத்துக்கு வருகிறது. சில சமயம் பேனாவை வைத்துவிடுகிறேன்.

1987-க்குப் பிறகு யெல்லின் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். 1989-ல் அடிமைமுறையை எதிர்த்த பெண்களைப் பற்றிய நூலை முடித்தார். முழங்காலிட்டுச் சங்கிலியோடு கை நீட்டும் அடிமைப் பெண்ணின் உருவம் அந்தப் போராட்டத்தின் சின்னமாக இருந்ததே, அது என்னென்ன பொருளில் கையாளப்பட்டது என்று ஆராயும் நூல் அது. பிறகு திரும்பவும் ஹேரியட்டிடமே வந்தார். 2004-ல் முழு வாழ்க்கை வரலாறு வந்தது, ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரிலான பரிசு அதற்குக் கிடைத்தது. 2008-ல் ஜேக்கப்ஸ் குடும்பத்தின் ஆவணங்கள் இரண்டு தொகுதிகளாக வந்தன. 900-க்கும் மேற்பட்ட ஆவணங்களைத் திரட்டி, அதில் சுமார் 300-ஐ அச்சில் கொடுத்தார்.

அந்தத் தொகுதிகளால்தான் புத்தகத்துக்குப் பிறகான ஹேரியட் நமக்குக் கிடைக்கிறாள். உள்நாட்டுப் போர் நடக்கும்போதே அகதிகளாக வந்து குவிந்த முன்னாள் அடிமைகளுக்கு உதவ வாஷிங்டனுக்கும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் போனாள். அம்மை, பசி, துணிமணி இல்லாத குழந்தைகள் என்று கண்டதையெல்லாம் செய்தித்தாளுக்கு எழுதி அனுப்பினாள். 1864-ல் மகள் லூயிசாவோடு அலெக்ஸாண்ட்ரியாவில் பள்ளி திறந்தாள். நாங்கள் நடத்துகிறோம் என்று வெள்ளை ஆசிரியர்கள் வந்து நின்றபோது, விடுதலை பெற்ற மக்களே கூடிப் பேசி, பள்ளி லூயிசாவின் பொறுப்பில்தான் இருக்கும் என்று தீர்மானித்தார்கள். பரணில் ஒளிந்திருந்த பெண் என்பதோடு அவளை நிறுத்திவிட்டால் இந்தப் பாதி காணாமல் போகும்.

தம்பி ஜானின் கதையும் அந்தத் தொகுதிகளில் உண்டு. சாயர் அவரை நியூயார்க் ஓட்டலுக்கு அழைத்துப் போனபோது, திரும்பி வர மாட்டேன் என்று ஒரு சீட்டின் மூலம் தெரிவித்துவிட்டுக் கிளம்பியவர் அவர். சீட்டின் முடிவில் ‘இனி உம்முடையவன் அல்லாத’ என்று இருந்தது, கீழே அவர் பெயர். திமிங்கல வேட்டைக் கப்பல், கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா என்று அலைந்தார். 1861-ல் லண்டன் இதழில் வந்த அவருடைய வரலாறு வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டாத வடிவம் 1855-லேயே சிட்னி நாளிதழ் ஒன்றில் வந்திருந்தது. ஜோனதன் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர் அதைக் கண்டெடுத்து, 2024-ல் நூலாக வெளிவந்தது. யெல்லின் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதை அவர் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இப்படி நிரூபிக்கத்தான் வேண்டுமா, ஒரு பெண் ‘நானே எழுதினேன்’ என்று சொன்னதை நம்புவதற்கு நாளிதழ் விளம்பரமும் நீதிமன்றப் பதிவும் கேட்பது அவளை மறுபடி கூண்டில் ஏற்றுவதல்லவா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சந்தேகப்பட்டவர்கள் கையில் வரலாறு இருந்தது, பாடத்திட்டம் இருந்தது, நூலகப் பட்டியல் இருந்தது. அங்கெல்லாம் போய் அவள் பெயரை எழுத வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதோடு, தேடியதில் அவளே அறியாத ஒன்றும் கிடைத்தது.

முதல் எஜமானி மார்கரெட் ஹார்னிப்ளோவை ஹேரியட் நேசித்திருந்தாள். சாகும்போது தனக்கு விடுதலை தருவார் என்று பன்னிரண்டு வயதில் நம்பியிருந்தாள். உயில் படிக்கப்பட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. உன்னைப்போல் பிறனையும் நேசி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்தான், ஆனால் நான் அவருடைய அடிமை, என்னைப் பிறனாக அவர் நினைக்கவில்லை போலும் என்று புத்தகத்தில் எழுதுகிறாள். அந்த வலி கடைசிவரை ஆறவில்லை.

உயில் காப்பகத்தில் இருக்கிறது. மூல உயிலில் ஹேரியட் தனியாக யாருக்கும் போகவில்லை, அடிமைகளெல்லாம் மார்கரெட்டின் அம்மாவுக்கு. ஹேரியட்டை மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கும் வரி, பிறகு சேர்த்த ஓர் இணைப்புத் தாளில்தான் வருகிறது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர், ஒருவர் டாக்டர் ஜேம்ஸ் நார்கம். மார்கரெட் ஹார்னிப்ளோவின் கையெழுத்து அந்தத் தாளில் இல்லை.